காசு கொடுத்துத் துடுப்பு போட்ட கதை

மார்ச் 7, 2025, வெள்ளி, இரவு

ராமேஸ்வரம் வந்து சேர்ந்தாயிற்று. ரயில் இன்னும் தீவுக்குள் வருவதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே புதுப்பாலம் தயாராக நிற்கிறது, திறப்பு விழாதான் பாக்கி. அதனால் மதுரையிலிருந்து பஸ்.

கூட வந்திருப்பது தங்கை மகள், கல்லூரி முதல் வருஷம். "கடல்ல கயாக் ஓட்டி சூரியன் உதிக்கிறதைப் பாக்கணும் மாமா" என்று பொங்கலிலிருந்தே நச்சரிப்பு. பக்கத்துக் கடலோரக் கிராமமான ஓலைக்குடாவிலிருந்து கயாக்கில், அதாவது சின்னத் துடுப்புப் படகில், கூட்டிப்போகும் உள்ளூர்த் தம்பி ஒருவனிடம் பேசியாகிவிட்டது. காலை ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

நாலரைக்கு எழுந்து, குளிக்காமல் கிளம்பும் நேரத்தில் போன். "அண்ணே, இன்னைக்கு வேணாம். கொண்டல் பிடிச்சிருச்சு." கொண்டல் என்றால் கிழக்குக் காற்று.

விடவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு அலை, அவ்வளவுதான். "இதுக்கா தம்பி?" என்றேன். "கரையில நின்னா அப்படித்தான்ணே தெரியும்" என்றான். வேறு பேச்சே இல்லை. எனக்குக் கோபம். லீவு போட்டுவிட்டு வந்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பகலில் தனுஷ்கோடி. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று போனோம்.

இரண்டு பேர் உட்காரும் கயாக். கனமான ஆள் பின்னால் உட்கார வேண்டுமாம். அதைக் கேட்டதும் மருமகள் ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் ஏறிக்கொண்டாள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் ஓட்டை. ஒன்றல்ல, நாலைந்து. "தம்பி, ஓட்டையா இருக்கே?" "உள்ள வர்ற தண்ணி அதுவழியாத்தான்ணே வெளிய போகும்." படகில் ஓட்டை என்றால் பயப்பட வேண்டும் என்று நாற்பத்தேழு வருஷமாக நம்பியிருந்தேன்.

முதல் கால் மணி நேரம் சண்டைதான். அவள் வலது போட்டால் நான் இடது, துடுப்பும் துடுப்பும் மோதி என் கண்ணாடியில் உப்புத் தண்ணீர். தம்பி தன் கயாக்கில் பக்கத்திலேயே வந்தான். "கடலைப் பாக்காதீங்கண்ணே, தங்கச்சி துடுப்பைப் பாருங்க." அப்புறம் சரியாகிவிட்டது. அவன் மட்டும் கன்னத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தான். காற்று எந்தப் பக்கமிருந்து படுகிறது என்று பார்ப்பதாகப் பிறகு தெரிந்தது.

6:20-க்கு சூரியன் வர வேண்டும். கிழக்கே திருப்பி நிறுத்திக்கொண்டு காத்திருந்தோம். அடிவானத்தில் ஒரு மேகம், சுவர் மாதிரி. வெளிச்சம் வந்தது, சூரியன் வரவில்லை. வெளியே தலை காட்டியபோது ஏழு ஆகப்போகிறது. நேரே பார்க்க முடியாத வெள்ளை வெயில். மருமகளின் முகம் தொங்கிவிட்டது.

"கீழ பாருங்க" என்றான் தம்பி.

இடுப்பளவு தண்ணீர்தான். அடி முழுக்கக் கடல் தாழை, ரிப்பன் ரிப்பனாக, அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நீவாடு, அதாவது நீரோட்டம், ஓடுகிறதாம். இந்தப் புல்லை மேயத்தான் ஆவுளியா என்னும் கடல்பசு வரும், அவன் தாத்தா நிறையப் பார்த்திருக்கிறார், அவன் பார்த்ததில்லை. நடுவில் கறுப்பாக, மொத்தமான வாழைப்பழம் மாதிரி ஒன்று கிடந்தது. மருமகள் கையை விட்டாள். "ஐயோ, தொடாதீங்க, அது கடல் அட்டை. எடுத்தா கேஸு." புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் அதற்கும். 2001-லிருந்து பிடிக்கத் தடை.

அங்கிருந்து கரையோரமாக மேற்கே, பாசி வளர்க்கும் இடத்துக்கு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம், அதில் கயிறு கயிறாகப் பாசி. 45 நாளில் அறுப்பு. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்க்கும் பிசின் இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். பெப்சி கம்பெனி மூலமாக வந்ததால் ஊரில் இதற்குப் பெப்சி பாசி என்றே பெயர். (தெற்கே குருசடைத் தீவில் இது பவளப் பாறை மேல் படர்ந்து அதை மூடுகிறது என்று படித்திருக்கிறேன். கேட்டேன். "அது வேற கதைண்ணே" என்று முடித்துவிட்டான்.) சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு அக்கா, தண்ணீரில் நின்று பாசி கட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார். அப்புறம் தம்பியிடம் கேட்டார்:

"ஏப்பா, துடுப்பும் அவுகளே போட்டு, காசும் அவுகளே குடுக்குறாகளா?"

தம்பிக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது.

திரும்பும்போதுதான் கொண்டல் எழும்பியது. நேரே முகத்தில். பெரிய அலை ஒன்றுமில்லை, நேற்று கரையில் பார்த்ததில் பாதிகூட இருக்காது. பக்கத்தில் ஒரு நண்டு வலையின் வெள்ளை மிதவை. இருபது தரம் வலித்தேன், மிதவை அங்கேயே இருந்தது. இன்னும் இருபது. அங்கேயேதான் இருந்தது. கை நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, முன்னால் மருமகள் திரும்பிப் பார்த்து "மாமா, நீங்க போடுறீங்களா இல்லையா?" என்கிறாள். தம்பி எங்களைக் கரைப் பக்கமாக ஒதுக்கி, ஆழமில்லாத இடத்தில் இறக்கி, மிச்ச தூரம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடக்க வைத்தான்.

நேற்று பேசியதைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 10, திங்கள், பஸ்ஸில்

கட்டைவிரல் இடுக்கில் இரண்டு கையிலும் கொப்புளம். துடுப்பை இறுக்கிப் பிடித்தால் அப்படித்தான் வருமாம். மருமகள் கையில் ஒன்றுமே இல்லை.

பாம்பன் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. தெற்கே கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. வடக்கே பூராவும் சுருக்கம். "கொண்டல்" என்றேன்.

"தெரியும் மாமா, நான் அப்பவே பாத்துட்டேன்" என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.