துலாம் 24

ஜூன் 9, திங்கள்

சாரல் விடவில்லை. அம்மாவுக்கு மூன்றாவது ஊசி. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார் டாக்டர்.

ஜூன் 10

ஆதார் நகல் தேடப்போய் ஆச்சியின் டிரங்குப் பெட்டியைக் கிளறிவிட்டேன். கிழிந்த வேட்டித் துணியில் சுற்றி இரண்டு தாள்கள். ஒன்று ரேஷன் அட்டை, கரையான் பாதி தின்றது. இன்னொன்று உள்ளங்கை அகலச் சீட்டு. அச்சு மலையாளம், மேலே நிரப்பிய எழுத்து தமிழ். சர்க்கார் நெல், வண்டிக் கூலி, தாத்தாவின் பெயர், ரூ. 4 – 21. கீழே கைநாட்டு. மை பரந்து போய் நடுவில் ஒரு சுழி மட்டும் தெரிகிறது.

தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வீட்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது.

ஜூன் 11

அந்த 21 என்ன கணக்கு என்று ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்தது. அணாவாக இருக்க முடியாது. பதினாறு அணா ஆனதும் ஒரு ரூபாய் ஏறிவிடுமே. விடிகாலையில்தான் உறைத்தது, சக்கரம்! திருவிதாங்கூரில் ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரை. எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்தப் பக்கம்தானே. சீட்டு கொடுத்தது மகாராஜா சர்க்கார்.

எல்லைக்கு இந்தப் பக்கம், மெட்ராஸ் மாகாணம் என்றால் அணா, பைசா. ஊருக்குள் இரண்டு காசும் புழங்கியிருக்கும், சண்டையும் வந்திருக்கும்.

ஜூன் 13

இன்னொரு டெஸ்ட் வேண்டுமாம். சோறு இறங்கவில்லை.

ஜூன் 14

சீட்டில் தேதி 1118 துலாம் 24. அது மலையாளக் கணக்கு. கொல்லம் ஆண்டோடு 825 கூட்ட வேண்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம். கூட்டினால் 1943. துலாம் என்றால் நம்ம ஐப்பசி. பெரியம்மா பிறந்தது சுபானு வருஷம் ஆடி, அதுவும் 1943. அவள் பிறந்து மூன்று மாதம் கழித்து எழுதிய சீட்டு. ஒன்றுக்கும் உதவாது.

தாளைத் தூக்கி எறியவில்லை. எறியலாம் போலிருந்தது.

ஜூன் 16

தம்பி போன் பண்ணினான். அம்மாவைப் பற்றி இரண்டு நிமிஷம், சீட்டைப் பற்றி நாற்பது நிமிஷம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென்மாநில அரசுக்குச் சோளம், குதிரை, வண்டி வாடகை கொடுத்தவர்களின் பில்களை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆள் பெயர் வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். சண்டைக்கே போகாத குடியானவனின் கொள்ளுப்பேரன்கூட அதில் தேடுகிறான். அடிமைகளை வேலைக்கு விட்ட பில்களும் அதில் உண்டு. கூலியை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் எஜமான். மண் வெட்டியவனுக்கு ஒற்றைப் பெயர், சிலதில் அதுவும் கிடையாது.

போனை வைத்ததும் சீட்டை எடுத்தேன். மேலே ஒரு பெயர், கீழே ஒரு விரல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17, இரவு 2 மணி

825 இல்லை! கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்ஙத்தில், அதாவது ஆவணியில். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824தான் கூட்ட வேண்டும். அப்படியானால் 1942. நவம்பர் இரண்டாம் வாரம்.

விரல் விட்டு எண்ணினேன். நவம்பரிலிருந்து ஆடிக்கு ஒன்பது மாதம்.

தாத்தா பர்மாவிலிருந்து திரும்பியவர். ஊர் என்ன சொன்னது? பர்மாக்காரன் தையில்தான் வந்தான், பிள்ளை ஆடியில் பிறந்தது என்றது. அந்த ஒரு பேச்சில்தான் பெரியம்மா புனலூரில் கட்டிக்கொண்டு போனவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மாவும் ஒரு கோபத்தில் அதையே சொல்லிவிட்டாள். இருபது வருஷம் ஆகிறது.

ரங்கூன் விழுந்தது 1942 மார்ச் 8. நடந்தே வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வருஷ மழைக்குள் எல்லை தாண்டிவிட்டார்கள். தை வரைக்கும் இவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று ஒரு ஆளுக்காவது கேட்கத் தோன்றவில்லையே.

அம்மா தூங்குகிறாள். எழுப்பலாமா?

ஜூன் 18

எழுப்பவில்லை. அந்தக் கைநாட்டு இருக்கிறதே.

ஜூன் 25

திருவனந்தபுரம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. கோட்டைப் பக்கம் ஆவணக் காப்பகம். ஆள் பெயரைச் சொல்லித் தேட முடியாது. துறை, தாலுகா, ஆண்டு என்று இறங்க வேண்டும். ஊர் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, தாள் வரவில்லை. தாத்தா எங்கேயும் இல்லை. ஆனால் அந்த வருஷங்களின் கட்டுகளைப் புரட்டினால் எல்லாமே அரிசிதான். பர்மா அரிசி நின்றுபோனதும் சர்க்காருக்கு ஏற்பட்ட நடுக்கம் தாளில் தெரிகிறது. எந்தத் தாலுகா நெல் எங்கே போகலாம், யார் எத்தனை பறை வைத்துக்கொள்ளலாம். பறைக்குப் பத்து இடங்கழி, இடங்கழிக்கு நாலு நாழி. நாழிக் கணக்கில் கெஞ்சும் மனுக்கள். சிலவற்றைப் படித்துவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன்.

ஒன்று கற்றுக்கொண்டேன். கைநாட்டு உள்ள இடத்தில் ரேகைக்குப் பக்கத்தில் அது யாருடையது என்று குமாஸ்தா பொடியாக எழுதியிருப்பார். நான் இத்தனை நாளும் மையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 26

அம்மாவின் பூதக்கண்ணாடி. ஜன்னலோரம். மடிப்பில் பாதி போய்விட்டது. மீதி: "...ம்மாள் கைநாட்டு."

ஆச்சி.

ஜூன் 27

தாத்தா பெயரில் ஆச்சி கூலி வாங்கியிருக்கிறாள். அவர் ஊரில் இல்லாததால் வாங்கினாளா, வண்டியோடு புனலூர் ரோட்டில் இருந்ததால் வாங்கினாளா? சீட்டு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ரேஷன் அட்டையில் பெரியவர் 2 என்று இருக்கிறது, ஆனால் அது 1119. பிரயோஜனமில்லை.

ஜூன் 28

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று நிறுத்தினேன்.

"ஏட்டி, எங்கம்மைக்கு மாடுன்னா பயம். தொழுவம் பக்கமே போகமாட்டா. அப்போ வண்டி ஓட்டுனது யாரு?"

வேறு ஆளாகவும் இருக்கலாம் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"காளை வேத்தாளைக் கிட்டக்க விடாது. அக்கா நம்பர் உங்கிட்ட இருக்கா?"

ஜூன் 30

ரிப்போர்ட் நாளை. பெரியம்மா காலை ரயிலில் வருகிறாள். பால் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.