தவறி விழுந்ததாக ஒரு கடிதம்

"மாடிப்படியில் கால் தவறி விழுந்ததால் எனக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு ஏற்பட்டுள்ளது. ஆகவே 45 நாட்கள் மருத்துவ விடுப்பு அளிக்குமாறு..." இந்தக் கடிதத்தை எழுதியது டீச்சர் இல்லை, நான். அவர் கையில்தான் மாவுக்கட்டு இருந்ததே. கையெழுத்தையே இடது கையால் கிறுக்கினார்.

நடந்தது வேறு. 2017, வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரியாத சமயம். நான் ஒரு அரசு மேல்நிலைப்பள்ளி அலுவலகத்தில் இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் பிளஸ் ஒன் பையன்கள் இரண்டு பேர் படிக்கட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன டீச்சரை ஒருவன் தள்ளிவிட்டான். ஐந்தாறு படி உருண்டார்.

"போலீசு, பேப்பருன்னு போனா பையன் படிப்பு போயிடும். நீங்கதாம்மா பெரிய மனசு பண்ணணும்" என்றார் தலைமை ஆசிரியர். டீச்சரும் பண்ணினார். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதும்போதும் வழுக்கி விழுந்ததாகவே சொன்னார். பையன் மேல் எனக்கும் இரக்கம்தான். அப்பன் இல்லாத பிள்ளை.

மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்புக்கு முழுச் சம்பளம் உண்டு. அதனால் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் ஒன்றும் குறையவில்லை, யாருக்கும் உறுத்தவும் இல்லை. குறைந்தது விடுப்புக் கணக்கில். சர்வீஸ் குறைவான டீச்சர், கணக்கும் சின்னது. 45 நாள், பிசியோதெரபிக்காக 80 நாள் ஆனது. அடுத்த வருடம் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். கணக்கில் போதுமான நாள் இல்லை. மிச்சத்தைச் சம்பளமில்லா விடுப்பாகப் பணிப்பதிவேட்டில் பதிந்ததும் இதே கைதான்.

அப்புறம் வேறு எதற்கோ அரசு ஊழியருக்கான அடிப்படை விதிகள் புத்தகத்தைப் புரட்டும்போது 83ஆம் விதி கண்ணில் பட்டது. தனி இயலாமை விடுப்பு. வேலையைச் செய்யப் போய், அல்லது அந்தப் பதவியில் இருப்பதாலேயே, ஒருவர் வேண்டுமென்று காயப்படுத்தி முடங்கிப்போன அரசு ஊழியருக்கானது. அதிகபட்சம் 24 மாதம். முதல் நான்கு மாத அளவுக்கு முழுச் சம்பளம், பிறகு பாதி. சொந்த விடுப்புக் கணக்கில் ஒரு நாள்கூடக் கழியாது. தற்செயலாகப் பட்ட காயம் என்றால் அதற்கும் 83-ஏ இருக்கிறது. மருத்துவச் சான்று வேண்டும். இயலாமை மூன்று மாதத்துக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும். நடந்ததைத் தாமதிக்காமல் மேலே தெரிவித்திருக்க வேண்டும். பையனை ஜெயிலுக்கு அனுப்பு என்று அதில் எங்கும் இல்லை. "சண்டையை விலக்கும்போது விழுந்தேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்த வரியைத்தான் நான் எழுதவில்லை.

டீச்சரிடம் சொன்னேன். "விடுங்க சார், பையன் பாலிடெக்னிக் சேர்ந்துட்டானாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இது நடந்து சில வருடம் கழித்து, பள்ளி விட்ட பிறகு சுவரேறிக் குதித்துக் குடிக்க வந்த கும்பலைத் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா அதட்டினார். பாட்டில் பறந்து வந்தது. நெற்றியில் ஆறு தையல். மூன்றாம் நாள் காலை கட்டோடு துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏன்க்கா வந்தீங்க? லீவு போடக் கூடாதா?"

"எனக்கு யாரு சார் லீவு குடுப்பா? வரலன்னா காசு இல்ல."

உள்ளாட்சி மூலம் வரும் சொற்பத் தொகுப்பூதியம் அவருக்கு. 83 அவர் பக்கமே திரும்பாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் மச்சான் இருக்கிறான். மெஷினில் விரல் நசுங்கி வீட்டில் இருந்த நாளுக்கெல்லாம் ஈ.எஸ்.ஐ.யில் கூலியில் 90 சதவீதம் வந்தது. அக்காவுக்கு ஸ்டாஃப் ரூமில் நாங்கள் வசூல் செய்து கொடுத்ததுதான். அதையும் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கினார்.

ஆனாலும் இந்த முறை கடிதத்தை ஒழுங்காக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். பாட்டில், கும்பல், நேரம், தையல், புகாரை வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது எண், எல்லாம் நடந்தது நடந்தபடி. பொருள் என்ற இடத்தில் "பணியில் தாக்கப்பட்டு காயம் – சம்பளத்துடன் விடுப்பு கோருதல்" என்று போட்டேன். அதற்குக் கீழே "பார்வை" என்ற இடத்தில் போட எனக்கு ஒரு விதியும் கிடைக்கவில்லை. காலியாகவே அனுப்பினேன்.