எழுத்து எங்கே நடந்தது?

ஹியூஸ்டனில் இருக்கும் என் சித்தி மகன் ஒருநாள் இரவு போன் எடுத்தான். "அக்கா, எங்கட கலியாணச் சான்றிதழைத் தேடுறம். ஹாரிஸ் கவுண்டியில எங்கட பேரே இல்லையாம்" என்றான். கவுண்டி என்றால் அமெரிக்காவில் மாநிலத்துக்குள் இருக்கும் நம் மாவட்டம் மாதிரி ஒன்று. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் ஏறி, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கோப்புகள் எல்லாம் கூழாகிப் போயின. சான்றிதழும் அதோடு போனது. இப்போது இருவரும் இலங்கையின் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பார்க்கிறார்கள். திருமணமானவர்கள் என்றால் அதற்கு விவாகச் சான்றிதழ் வேண்டும்.

திருகோணமலையில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் போகிற சனம் போட்டோக்கொப்பி எடுக்க, விண்ணப்பம் எழுத என்று முதலில் என் கடைப்படி ஏறும். கலியாணச் சான்றிதழ் தேடி யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, எங்கே நடந்தது? தாலி கட்டிய கோவிலும், குடியிருந்த வீடும் அப்புறம். தம்பியிடமும் அதையே கேட்டேன்.

அவர்கள் குடியிருந்தது ஹியூஸ்டன், அதாவது ஹாரிஸ் கவுண்டி. தாலி கட்டியது பெயர்லாந்து மீனாட்சி அம்மன் கோவிலில். அந்தக் கோவில் இருப்பது பிரசோரியா கவுண்டியில். அங்கேயும் கேட்டுப் பார்த்தான், இல்லை. "கலியாண லைசென்ஸ் எங்க எடுத்தனீங்கள்?" என்றேன். அவனுக்கு நினைவில்லை. பின்னால் நின்ற மனைவிதான் சொன்னாள்: கலியாணத்துக்கு முன் அவள் மாமா வீட்டில் சுகர்லாந்தில் இருந்தாளாம், பக்கத்து அலுவலகத்தில்தான் இருவரும் போய்க் கையெழுத்து வைத்தார்களாம். சுகர்லாந்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டியைச் சேர்ந்தது. பதிவும் அங்கேதான் இருந்தது.

டெக்சஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள். அதில் எந்தக் கவுண்டி எழுதுவினைஞரிடமும் திருமண உரிமம் எடுக்கலாம், மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் கலியாணம் செய்யலாம். ஆனால் கலியாணத்தை நடத்தி வைத்த குருக்களோ நீதிபதியோ அந்த உரிமத்தை நிரப்பி, 30 நாளுக்குள் அதைக் கொடுத்த அதே எழுதுவினைஞரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கே பதிந்தால்தான் பதிவு. அதனால் உரிமம் வாங்கிய கவுண்டி எது என்று தெரியாவிட்டால் மற்ற விவரம் எல்லாம் சரியாக இருந்தும் பிரயோசனம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் பலர் நேரே மாநிலத் தலைநகருக்கு எழுதிவிடுகிறார்கள். டெக்சஸில் ஒஸ்டினில் உள்ள மாநில அலுவலகம் 1966க்குப் பிந்திய திருமணங்களுக்கு, 'ஆம், இப்படி ஒரு பதிவு உண்டு' என்று ஓர் உறுதிக் கடிதம் மட்டும்தான் தரும். அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டுமென்றால் கவுண்டிக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு சிக்கல் பெயர். அங்கே அட்டவணையில் குடும்பப் பெயரை முன்னால் போட்டுத் தேடுவார்கள். நமக்கோ தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். படிவம் நிரப்பிய நேரத்தில் எது எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. தம்பியின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக ஏறியிருந்தது. அதனால் தேடுகிறவர்கள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். மனைவியின் பெயரிலும் தேட வேண்டும், அவளுடைய கலியாணத்துக்கு முந்திய பெயரில். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'த'வுக்கு ஒருவர் ஓர் எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு எழுத்துப் போடுவார். எல்லா விதத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேட உட்காருவது நல்லது.

இங்கே கதை வேறு, ஆனால் கேள்வி அதேதான்.

சம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். விதவைகள் ஓய்வூதியத்துக்கு விவாகச் சான்றிதழ் கேட்கிறார்கள். 2006இல் சம்பூர்ச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர் அவர். பிறகு மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். கையில் ஒரு கடுதாசி இல்லை. திகதியும் தெரியாது. "வெருகல் தீர்த்தம் முடிஞ்ச கையோட எழுத்து நடந்தது பிள்ளை. அந்த வருசம் மழை முந்திப் பெய்துபோட்டுது" என்றார்.

நம் ஊரில் பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது லேசு. தெரியாவிட்டால் ஒரு காலப்பகுதியைக் குறித்துக் கொடுத்து, பதிவேட்டைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் கூட. வருசம் பிழைத்தால் மறுபடி கட்ட வேண்டும். ஆகவே விண்ணப்பத்தை எழுத முன்னம் அந்த அம்மாவை இருத்தி, தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினேன். மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா? இருந்தது, மகள் பள்ளிக்கூடத் தேவைக்கு எடுத்த பிரதி. நம் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஆம்' என்று எழுதியிருந்தது. மகள் பிறந்தது 1982 நவம்பர். அப்படியானால் எழுத்து அதற்கு முன்னம். வெருகல் முருகன் கோவில் திருவிழா ஆவணியில். 1982 ஆவணிக்கு எழுத்து நடந்து நவம்பரில் பிள்ளை பிறந்திருக்காது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். 1981 ஓகஸ்ட், செப்டெம்பர் என்று குறித்தேன். ஒருவேளை தவறினால் பார்க்க 1980ஐயும் சேர்த்தேன்.

அப்புறம் இடம். கலியாணம் மாப்பிள்ளை வீட்டிலா, பொம்பிளை வீட்டிலா? எழுத வந்த பதிவாளர் எந்தப் பிரிவுக்காரர்? அந்தப் பதிவாளரின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் சைக்கிளில் வந்தவர், மூதூர்ப் பக்கத்து மனிசன், மை கொட்டுண்டு வேட்டியில் பட்டதென்று அடையாளம் சொன்னார். அது போதும். விண்ணப்பம் மூதூர் பிரதேச செயலகத்துக்கு. கிடைத்தது, செப்டெம்பர் 1981. பிரதியைக் கையில் வாங்கிய அந்த அம்மா முதலில் பார்த்தது தன் தகப்பனார் சாட்சியாக வைத்த கையெழுத்தைத்தான். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் ஒன்றும் கதைக்க முடியவில்லை.

எல்லோருக்கும் இப்படிக் கிடைப்பதில்லை. என்னிடம் வருகிறவர்களில் கோவிலில் தாலி மட்டும் கட்டி, எழுத்தே செய்யாதவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டில் வழக்கப்படி செய்த கலியாணமும் செல்லும், அதை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907இலேயே வந்துவிட்டது. பதிவேட்டில் உள்ள குறிப்புத்தான் விவாகத்துக்கு மிகச் சிறந்த சான்று என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அது இல்லாத பெண் காணிக்கும் ஓய்வூதியத்துக்கும் சாட்சி பிடித்து, கோவில் கடிதம் வாங்கி, சத்தியக்கடதாசி முடித்து, ஒவ்வொரு மேசையிலும் தான் மனைவிதான் என்று நிறுவ வேண்டியிருக்கிறது. புருசனை இழந்தவளை இப்படி நிற்க வைப்பது பெரிய கொடுமை. ஆம்பிளைகள் 'பிறகு எழுதலாம்' என்று தள்ளிப்போடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளைகளின் தாய்மாரே, நீங்களாவது விடாதீர்கள்.

கிண்ணியா, மூதூரிலிருந்து வரும் முஸ்லிம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விவாகம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவேட்டில் இருக்கும். அதைப் பொதுப் பதிவேட்டில் தேடிக் காசைச் செலவழிக்காதீர்கள். தேவாலயத்தில் கட்டியவர்கள் என்றால் ஆலயப் பதிவேட்டையும் போய்ப் பாருங்கள், திகதி அங்கே கிடைத்தால் மற்றது சுகம்.

சரி, இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கலியாணம் வருகிறது. தம்பிக்கு இளையவன் ஹியூஸ்டனில் கட்டப் போகிறான். என் மகளுக்கு இங்கே, மாப்பிள்ளை மட்டக்களப்பு.

மகளின் விசயத்தில் நான் முன்கூட்டியே இறங்கிவிட்டேன். இருவரும் வேறு வேறு பிரிவில் இருப்பதால் இரண்டு பேரும் தத்தம் பிரிவுப் பதிவாளரிடம் தனித்தனியே விவாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவர் அதற்கு முன் குறைந்தது 10 நாளாவது அந்தப் பிரிவில் குடியிருந்திருக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து 12 நாள் கழிய வேண்டும், ஆட்சேபம் ஏதும் வராவிட்டால் அத்தாட்சிப் பத்திரம் தருவார்கள். மூன்று மாதத்துக்குள் கலியாணத்தை முடிக்க வேண்டும். அவசரம் என்றால் மாவட்டப் பதிவாளரிடம் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்க வழி உண்டு. ஆனால் முகூர்த்தம் குறித்த கையோடு அறிவித்தலைக் கொடுத்தால் அந்த அலைச்சலே தேவையில்லை. சம்பந்தி வீட்டாருக்குப் போன் எடுத்து இதையெல்லாம் சொன்னபோது, "மண்டபம் பிடிக்கவே நேரமில்லை, அதுக்குள்ள இதுவா" என்றார்கள். மண்டபம் இல்லாவிட்டால் வீட்டு முற்றத்தில் பந்தல் போடலாம் என்று சொல்லிவிட்டேன்.

இளையவனுக்கு அங்கே கணக்கு வேறு. இருவரும் அடையாள ஆவணத்தோடு நேரில் போய்ச் சத்தியம் செய்து கையெழுத்து வைக்க வேண்டும். உரிமம் அன்றைக்கே கையில் கிடைக்கும், ஆனால் 72 மணி நேரம் கழியாமல் தாலி கட்ட முடியாது. மாநிலம் ஏற்றுக்கொண்ட திருமணத்துக்கு முந்திய வகுப்பு ஒன்றை முடித்திருந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. 90 நாள் ஆனால் உரிமம் காலாவதி. விவாகரத்து ஆனவர்கள் என்றால் தீர்ப்பு வந்து 30 நாள் பொறுக்க வேண்டும். வேறு மாநிலத்தில் கட்டுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூயோர்க்கில் காத்திருப்பு 24 மணி நேரம், உரிமத்துக்கு ஆயுள் 60 நாள், கொடுப்பதும் நகர எழுதுவினைஞர். கலிபோர்னியாவில் காத்திருப்பே இல்லை, ஆனால் அங்கே இரகசிய உரிமம் என்று ஒரு வகை உண்டு. அதை எடுத்தால் பிற்காலத்தில் பதிவின் பிரதியைத் தம்பதியைத் தவிர வேறு யாரும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் எடுக்க முடியாது. ஊரில் இருக்கும் தாய் தகப்பன் பிள்ளைக்காக எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

இளையவனின் முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கவுண்டி அலுவலகம் சனி, ஞாயிறு பூட்டு என்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வியாழன் மத்தியானம் போனால் 72 மணி நேரம் ஞாயிறு மத்தியானத்தில்தான் முடியும், முகூர்த்தம் தப்பிவிடும். ஆகவே அதற்கு முந்திய கிழமையே இருவரும் லீவு போட்டுவிட்டுப் போகிறார்கள். எந்தக் கவுண்டி என்று கேட்டு என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.