தட்டு வந்தால்தான் வாய் திறக்கும் ஒயின்

மியூஸ்கடே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயினைத் தனியாகக் குடித்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு, அவ்வளவுதான். பழ வாசனை தூக்கலாக இருக்கும் ஒயின்களுக்குப் பழகியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பக்கத்தில் சாப்பாடு வந்த பிறகுதான் அதன் சங்கதி தெரியும்.

மேற்கு பிரான்ஸில், லுவார் ஆறு அட்லாண்டிக்கை நெருங்கும் இடத்தில் இருக்கிறது மியூஸ்கடேயின் ஊரான நாந்த் நகரம். அங்குள்ள தலன்சாக் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போக வேண்டும். சிப்பிக் கடைக்காரர் குட்டைக் கத்தியை ஓட்டின் இடுக்கில் செருகி ஒரே திருகில் திறக்கிறார். உள்ளே கடல்நீர் தளும்ப, சாம்பல் நிறச் சதை. கூடவே ரை ரொட்டி, உப்பு வெண்ணெய், வினிகரில் ஊறிய பொடி வெங்காயம். பச்சைச் சிப்பி என்றதும் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். கண்ணை மூடி ஒன்றை விழுங்கிவிட்டு ஒரு மடக்கு மியூஸ்கடே குடித்தேன். வறுத்த மீனில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. உவர்ப்பு அடங்கி, சிப்பியின் இனிப்பு மெல்ல மேலே வந்தது. அப்புறம் தட்டு காலியாக நேரமாகவில்லை.

மியூஸ்கடே செய்யும் திராட்சைக்கு மெலோன் த பூர்கோஞ் என்று பெயர். கிழக்கு பிரான்ஸின் பர்கண்டியிலிருந்து வந்தது. 1709-ஆம் ஆண்டின் கொடும் உறைபனியில் இந்தப் பகுதியின் கொடிகள் பட்டுப்போன பிறகு, குளிர் தாங்கும் இந்த வகையைத்தான் பெருமளவில் நட்டார்கள். சுவை அடக்கமான திராட்சை என்பதால் தயாரிப்பில் ஒரு வழி செய்கிறார்கள். புளித்து முடிந்ததும் ஒயினை வடித்துப் பிரிக்காமல், அடியில் படியும் ஈஸ்ட் மண்டியோடு குளிர்காலம் முழுக்க விட்டுவிடுவார்கள். லேபிளில் 'சூர் லீ' என்று இருந்தால் அதுதான். மார்ச் மாதத்துக்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது என்பது விதி. ரொட்டி மாவு போன்ற மணமும், நாக்கில் மெலிதாகக் குறுகுறுக்கும் துள்ளலும் அந்த மண்டி கொடுப்பவை.

நாந்திலிருந்து ரயிலில் க்ளிஸோன் போனேன். செவ்ர் நதிக்கரையில் இத்தாலியச் சாயலில் ஓடு வேய்ந்த ஊர். பக்கத்துத் தோட்டமொன்றில் நிலவறையைக் காட்டினார்கள். பீப்பாய்களைத் தேடினால் ஒன்றுகூட இல்லை! தரையில் வட்ட மூடிகள். மூடிகளுக்கு அடியில், கண்ணாடி பதித்த கான்கிரீட் தொட்டிகள். க்ளிஸோன், அடுத்துள்ள கோர்ஜ் ஆகிய ஊர்ப் பெயர்களோடு வரும் ஒயின்களுக்கு 2011-இல் தனி அங்கீகாரம் கிடைத்தது. அவை மண்டியில் 2 ஆண்டுகளாவது கிடக்கும். புளிப்பு அப்படியே இருக்க, வாயில் ஒயினின் கனம் மட்டும் கூடியிருக்கும். சிப்பிக்கு இவை வேண்டாம், வீண்.

இவற்றுக்குச் சரியான ஜோடி பேர் பிளான். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, வினிகரும் மியூஸ்கடேயும் ஊற்றிச் சுண்டவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துச் சேர்க்கும் சாஸ் இது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளெமென்ஸ் லெஃபேவ்ர் என்ற சமையல்காரம்மா, வேறொரு சாஸுக்கு முட்டைக்கரு போட மறந்ததில் பிறந்தது என்று இங்கே கதை சொல்கிறார்கள். லுவார் ஆற்று மீனை அவித்து இதை மேலே ஊற்றித் தருகிறார்கள். அவ்வளவு வெண்ணெயும் திகட்ட வேண்டும், ஆனால் ஒவ்வொரு மடக்கும் நாக்கைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்குத் தயாராக்குகிறது. எனக்குச் சிப்பியைவிட இதுதான் மேல். உள்ளூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சீஸ் என்றால் அந்த ஊரின் க்யூரே நாந்தே போதும். இனிப்போடு மட்டும் சேர்க்காதீர்கள். பாதாமும் ரம்மும் போட்ட நாந்த் கேக்கை ஒரு கடி கடித்துவிட்டுக் குடித்தால் ஒயின் வெறும் வினிகராகிவிடுகிறது. கேக்குக்குக் காப்பி சொல்லிவிடுங்கள்.