செப்டம்பர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

செப்டம்பர் 1, 2023, வெள்ளி

விசா நிலை: பரிசீலனையில். காலையில் ஒரு தடவை, லேபில் ஒரு தடவை, படுக்கப்போகும் முன் ஒரு தடவை பார்த்தாயிற்று. அதே சொல்.

செப்டம்பர் 4, திங்கள்

இந்த நாட்டின் பாரம்பரிய தினம் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதனால் பல்கலைக்கழக வளாகத்தில் 22ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கொண்டாடிவிடப் போகிறார்கள். ஒரு மேடை, சுற்றிலும் மேசைகள், எல்லா ஊர்ச் சாப்பாடும். இன்று அதற்குத்தான் கூட்டம். பொறுப்பாளர் அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நீங்கள் பரதநாட்டியம் ஆடுவீர்கள்தானே?" என்றார். இல்லை. "பாட்டு?" இல்லை. "புடவையாவது?" இருக்கிறது என்றேன். குறித்துக்கொண்டார்.

இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பையன்கள் அட்டையில் சந்திரயான் செய்யப் போகிறார்களாம். நிலாவில் இறங்கி இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் அது பாரம்பரியமாகிவிட்டது. நிகழ்ச்சி நிரலில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று ஒன்று இருந்தது. ஆறடி உயர ஆட்கள் ஆடுவார்கள் போல என்று நினைத்துவிட்டேன். பக்கத்துப் பெண் சொல்லித்தான் தெரிந்தது, தெருக்கூத்து! நாலைந்து தலைமுறை வாயில் உருண்டு உருண்டு அப்படி ஆகியிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டாக்ஸியில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

எனக்குக் கொடுத்த வேலை, பலகைகளில் தமிழில் எழுதுவது. கூட்டத்தில் மூட்லி, கோவெண்டர், பிள்ளை, நாயுடு என்று ஏழெட்டுப் பேர். தமிழ் எழுதத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 6, புதன்

இங்கே அந்தப் பெயர்கள் வெறும் சர்நேம். கோவெண்டர் என்றால் கவுண்டர், மூட்லி என்றால் முதலியார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு மூட்லிப் பெண், "கவிதையாக இருக்கிறது இல்லையா, அக்கா? பழைய தமிழ்ச் சொல்லாமே," என்று கேட்கிறாள்.

நான் இங்கே வந்த முதல் வாரம், வீட்டுக்காரத் தாத்தா தோட்டத்துக் குழாயை மூடிக்கொண்டே, "உன் பெயருக்குப் பின்னால் என்னம்மா?" என்று கேட்டார். வயிறு இறுகிப்போனது. ஊரில் அந்தக் கேள்வி வரும் வழி எனக்குத் தெரியும்: எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, எந்தக் கோயில். ஐந்தாவது கேள்வி தேவைப்படாது. இவர் கேட்டது வாடகைச் சீட்டில் எழுத. அப்பா பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அந்தக் குழாய் மூடுகிற சத்தம் நினைவிருக்கிறது.

செப்டம்பர் 9, சனி

தாத்தா இன்று பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே அவருடைய தாத்தா கப்பலில் வந்த பதிவின் நகல். 1890களில் மதராஸிலிருந்து வந்தவர். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்கு வந்தது என்று இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 1911 வரை வந்த ஆட்கள் 1,52,184. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம்.

கிராமத்தின் பெயரைப் படித்துச் சொல்லத்தான் கூப்பிட்டார். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறான். ஊரா, ஆளா, மரமா என்று தெரியவில்லை. ஜில்லா மட்டும் தெளிவு: வட ஆற்காடு. எங்கள் பக்கம். நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். வீட்டுக்கார ஆயா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அப்புறம் தாத்தா பெரிய மனுஷன் தோரணையில், இந்த நாட்டு அரசியல் சட்டம் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது, மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்று என்று, என்னமோ நான்தான் அதை மறந்துவிட்டது போல, விளக்கினார்.

இடது கன்னத்தில் தழும்பு. வயது 22.

பெயருக்கும் ஜில்லாவுக்கும் நடுவில் இன்னொரு கட்டம் இருந்தது. அதையும் படித்தேன். படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

நிலை: பரிசீலனையில்.

செப்டம்பர் 12, செவ்வாய்

லேபில் எதிர் மேசைக்காரி சோளமாவில் கிளறி உதிர்த்த ஒன்றைக் கொண்டுவந்தாள். மேலே புளித்த பால். 'உபுது' என்கிறாள். உதிர் உதிராக, ஆவி பறக்க. புட்டு என்றேன். "என்ன சொன்னாய்?" புட்டு. "நாங்கள் சொல்வதுதான் சரியான உச்சரிப்பு," என்று முடித்துவிட்டாள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கவே தேவையில்லை. ஆனால் இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

தூக்கம் வரவில்லை, எழுதியாவது தீர்க்கிறேன்.

தாத்தாவின் பேத்தி அந்தப் பதிவைப் பெரிதாக்கி அச்சடித்துவிட்டாள். 22ஆம் தேதிக் கண்காட்சிக்கு. நடுவில் இருக்கும் அந்தக் கட்டத்தைச் சுற்றி மஞ்சள் மையில் வட்டம். கீழே ஆங்கிலத்தில் அவள் எழுதியிருப்பதன் சாரம்: "எங்கள் முன்னோருக்குக் காலனி ஆட்சி வைத்த பெயர் இது. நாங்கள் யாருக்கும் பரையா அல்ல." அவளுக்கு அது ஒரு ஆங்கிலச் சொல். ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்று அகராதி சொல்கிற சொல். வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றும்போதே திட்டி எழுதியிருக்கிறான் பார் என்று கண் கலங்குகிறாள். கோபம் நியாயமான கோபம்தான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறாள்.

அந்தச் சொல் அவர்களிடமிருந்து நமக்கு வந்ததில்லையே. நம்மிடமிருந்து போனது. பறை அடித்தவர்களின் பெயரை நம் ஊர்க்காரர்கள் சொன்ன தொனியிலேயே அவர்கள் காதில் வாங்கி, அந்தத் தொனியையே அர்த்தமாக்கி அகராதியில் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தாளில் மேல் வரியில் இருப்பவனுக்கு வேறு சாதி எழுதியிருக்கிறது, கீழ் வரியில் கிறித்தவர். வசையாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே வசையைத்தானே எழுதியிருப்பான்?

அப்புறம் இந்தக் குடும்பத்தின் சர்நேம். அதற்கும் இந்தக் கட்டத்துக்கும் ஒட்டவே ஒட்டாது. கப்பலில் மாறியதா, கரும்புத் தோட்டத்தில் மாறியதா, கங்காணி சர்தார் எவனாவது ஒருவனின் பெயர் ஒட்டிக்கொண்டதா, யாருக்குத் தெரியும். மாற்றிக்கொண்டவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஒரு மாதிரி பெருமையும் வருகிறது. கடல் தாண்டியவுடன் கழற்றிப் போட்டாரே!

சொல்லலாமா? சொன்னால் என்ன ஆகும்? அந்த வீட்டுத் தட்டில்தான் சாப்பிடுகிறேன். அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று ஊரிலும் மூன்று பேரைப் பற்றி நினைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, வியாழன்

அம்மா போனில். விசா என்ன ஆயிற்று, சாப்பிட்டாயா, அந்த வீட்டில் உன்னை அடுப்படிக்குள் விடுகிறார்களா. ஒவ்வொரு தடவையும் இந்த மூன்று கேள்விகள், இதே வரிசையில். விடுகிறார்கள் அம்மா, நான்தான் வெங்காயம் உரிக்கிறேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

வரிசையில் நாலு மணி நேரம். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் கணினியைப் பார்த்து, "அமைப்பில் பரிசீலனை என்று காட்டுகிறது," என்றார். எனக்கும் வீட்டிலேயே அப்படித்தான் காட்டுகிறது. அக்டோபர் 31க்குப் பிறகு நான் யார் என்று கேட்டேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

செப்டம்பர் 18, திங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஆயா நேற்றே வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவிவிட்டார். கறி சமைத்த பாத்திரங்கள் பெட்டிக்குள் போயின, விரத பாத்திரங்கள் வெளியே வந்தன. ஒரு மாதம் முழுக்க மீன் வாசனை கிடையாது. 'ஹெர்ப்ஸ்' என்கிறார், கீரைதான். பீன்ஸ் கறி, பருப்பு, கத்தரிக்காய். தமிழில் பத்து வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராத குடும்பம் புரட்டாசியை விடாது. நான் ஊரில் சனிக்கிழமை விரதத்தையே ஒழுங்காக இருந்ததில்லை. முதல் வருடம் தெரியாமல் முட்டை வாங்கிவந்து, அது வாசலிலேயே திரும்பிப் போனது.

இந்த நாட்டில் பாதிப் பேர் பாரம்பரிய தினத்தை 'பிராய்' தினம் என்றே சொல்வார்கள். நெருப்பு மூட்டி இறைச்சி சுடுகிற நாள். அது எப்போதும் புரட்டாசியில்தான் வந்து விழும். எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் நாளில் நம் ஆட்கள் ஓரமாக பீன்ஸ் பன்னியோடு, குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி. மிச்சமிருந்த நாளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்களோ? பொறுப்பாளர் அம்மாவிடம் தனி அடுப்பு கேட்டேன். சின்ன விஷயம், உடனே சரி என்றார்.

செப்டம்பர் 20, புதன்

கொடிகள் வந்துவிட்டன. காங்கோ கொடி இல்லை. காங்கோக்காரனிடம் சொன்னேன், போய்க் கேட்போம் வா என்று. (சனி, ஞாயிறுகளில் கடற்கரைப் பக்கம் கார் காவல் பார்க்கிறான், மற்ற நாளில் என் பக்கத்து லேபில் ஆராய்ச்சி.) "வேண்டாம். கொடி இருந்தால் கீழே நிற்பவன் யார் என்று பார்ப்பார்கள்," என்றான். வெளிநாட்டுக்காரர்களை இங்கே அடித்து விரட்டிய 2015இல் அவனுடைய அண்ணன் இந்த ஊரில்தான் இருந்திருக்கிறார். அதற்கு மேல் அவன் பேசவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

இரவு 11:40. மின்சாரம் போய் வந்துவிட்டது.

பேத்தி பலகையைக் கொண்டுவந்து, "கீழே இதைத் தமிழில் மொழிபெயர்த்து எழுதிவிடுங்கள் அக்கா, அழகாக இருக்கும்," என்று வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

மொழிபெயர்க்கவில்லை.

மூன்று வரி எழுதினேன். "இது வெள்ளைக்காரன் வைத்த பெயர் அல்ல. ஊரில் ஏற்கெனவே இருந்த பெயர். இதை எழுதுகிறவளின் பெயரும் இதுவே."

கை நடுங்கியதில் ளகரத்தின் கால் கொஞ்சம் வளைந்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது.

செப்டம்பர் 22, வெள்ளி

வளாகம் முழுக்கப் பச்சை ரக்பி ஜெர்சி, நாளை அயர்லாந்தோடு ஆட்டம். அதற்குள் மணி கோத்த ஜூலு பாவாடைகள், என் சுங்குடிப் புடவை. மேடை ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். ஜூலையில்தான் சைகை மொழி பன்னிரண்டாவது ஆட்சி மொழியானது, அதனால் ஒவ்வொரு பேச்சாளரும் அவரைப் பார்த்து ஒரு கைதட்டல் கேட்டு வாங்கினார்கள். பாவம், அந்தக் கைதட்டலையும் அவரே சைகையில் சொல்ல வேண்டியிருந்தது. கூத்துக்காரர்கள் வந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. புஜக்கட்டை, கிரீடம், சலங்கை எல்லாம் அச்சு அசல். வசனம் பாதி ஆங்கிலம். துரியோதனன் நடுவில் தொண்டையைக் கனைத்து மைக்கைச் சரிசெய்துகொண்டான்.

என் பலகை முன்னால் நாள் முழுக்கக் கூட்டம். எழுத்து நகை மாதிரி இருக்கிறது என்றார்கள். வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் என் மூன்று வரியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு பன்முகத்தன்மை பற்றிப் பேசினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் முழுக்க, இத்தனை பேர் நடுவில், சொல்லியும் ஆயிற்று, சொல்லாமலும் ஆயிற்று.

மூன்று மணிக்குத் தாத்தா வந்தார். கோட் போட்டுக்கொண்டு. அவர் படித்தது துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில், இந்தியருக்கென்று 1961இல் தனியாகத் தொடங்கிய கல்லூரியில். கடற்படை விட்டுப்போன கட்டடங்கள், போக வரப் படகு. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கள் காலத்தில் ஒரே வகைதான். எந்த வகை என்பதை அரசாங்கம் தீர்மானித்தது," என்றார்.

பிறகு பலகைக்கு முன் போய் நின்றார்.

கேட்டோ மேனரில் சின்ன வயதில் மாலைநேரத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர் என்பது எனக்கு மறந்தேபோய்விட்டது. அங்கிருந்து அவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பும் வரை போயிருக்கிறார். அர்த்தம் தெரியாது, எழுத்து தெரியும். விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி, சத்தமாக. இ-து. வெ-ள்-ளை. பேத்தி பெருமையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சந்திரயான் மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். விரல் மூன்றாவது வரிக்குப் போவதைப் பார்த்தேன். 'பெயரும்' வரை வந்தது. நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செப்டம்பர் 23, சனி

பெருமாள் படையல். ஆயா என்னைத்தான் விளக்கேற்றச் சொன்னார், போன வருடமும் நான்தான். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன். தாத்தா சாப்பிடும்போது பேசவில்லை. இரவு ரக்பியில் 13-8 என்று தோற்றார்கள், அதனால் வீட்டில் யாருமே பேசவில்லை. எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

பக்கத்து வீடுகளிலிருந்து புகை. பரிசீலனையில்.

செப்டம்பர் 26, செவ்வாய்

ஆயாவும் பேத்தியும் கடைக்குப் போயிருந்தபோது தாத்தா என் அறை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. என் மூன்று வரிகளையும் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். வளைந்துபோன ளகரத்தை அப்படியே வளைத்திருக்கிறார்.

அகராதி பார்த்திருக்கிறார். சொற்களுக்கு மேலே பென்சிலில் ஆங்கிலம். கடைசி வரிக்கு மேலும் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. விரல் வைத்தது நடு வரியில், பென்சில் படாமல் இருந்த ஒரே சொல்லில்.

"இது மட்டும் கிடைக்கவில்லைம்மா."

ஏற்கெனவே. "ஆல்ரெடி," என்றேன்.

"ஆல்ரெடி," என்றார். படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். நோட்டு இருவருக்கும் நடுவில் இருந்தது. கேட் திறக்கிற சத்தம் கேட்டதும் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குழாயடிக்குப் போய்விட்டார்.

நாளை ஆறு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். மீதி வந்து எழுதுகிறேன்.