தேக்காவில் மாட்டுவண்டி

‘தேக்கா சந்தையில் ஒரு காலைப்பொழுது’ என்று சிங்கப்பூர்ச் சந்தை ஒன்றைத் தலைப்பாகக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடியிடம் கட்டுரை கேட்டால் சில நொடிகளில் வந்துவிடும். எழுத்துப்பிழை அதிகம் இராது. ஆனால், சந்தை வாசலில் மாட்டுவண்டி நின்றாலும் வியப்பதற்கில்லை. சாட்ஜிபிடி படித்த தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் எழுதப்பட்டதாக இருக்கும். சிங்கப்பூர்த் தமிழ் அதில் ஒரு துளி. உயர்நிலை வகுப்பில் இந்தக் குறையையே பாடமாக்கலாம்.

கருவியைத் திறக்குமுன் பத்து நிமிடம் தாளும் பேனாவும் மட்டும். கண்டது, கேட்டது என்று ஐந்து வரி போதும்: கீழ்த்தளத்து ஈரத் தரை, மீனில் செதில் சுரண்டும் சத்தம், மாடியில் தையல் கடை. கையில் இந்தச் சரக்கு இல்லாமல் திரைக்குப் போகிறவர் வந்ததை அப்படியே வாங்கிக்கொள்வார். ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லையே!

பிறகு கட்டளை. ‘நான் எழுதிய ஐந்து வரி இது. கட்டுரையை நீ எழுதாதே. நான் சொல்லாமல் விட்டதைக் கேள்வியாகக் கேள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி.’ அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் பத்துக் கேள்விகளை மொத்தமாகக் கொட்டும். மாணவர் இரண்டுக்குப் பதில் சொல்லிவிட்டு ஓய்ந்துபோவார். நான்கைந்து சுற்றுக்குப் பின், ‘இப்போது எழுதித் தரட்டுமா?’ என்று அதுவே கேட்கும். ‘வேண்டாம்’ என்று தட்டப் பழகுவதுதான் பாதிப் பயிற்சி.

உரையாடல் மட்டும் எழுதச் சொல்லிப் பார்த்தால், அதில் வரும் பிள்ளைகள், ‘அம்மா, நான் கடைக்குச் சென்று வருகிறேன்’ என்று பேசும். வீட்டில் சொல்வதுபோல் மாற்றச் சொன்னால் ‘ம்மா, கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்’ என்று வகுப்பே குரல் கொடுக்கும். தமிழில் தயங்குகிற பிள்ளையும் இயந்திரத்தைத் திருத்துகிற இடம் இது.

குறள் மேற்கோள் கேட்கும்போது உஷார். இல்லாத குறளை எண்ணோடு தரக்கூடியது. முதலில் சீர் எண்ணவேண்டும்: முதலடியில் நான்கு, அடுத்ததில் மூன்று. தேறாவிட்டால் தள்ளிவிடலாம். தேறினாலும் அச்சு நூலில் அந்த எண்ணைப் புரட்டிப் பார்க்கவேண்டும். உண்மையான குறளுக்குத் தப்பான பொருள் சொல்வதுதான் எளிதில் பிடிபடாதது.

சாட்ஜிபிடியைப் பயன்படுத்துகிறவருக்கு 13 வயது ஆகியிருக்கவேண்டும். 18க்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதமும் தேவை. அதனால், தொடக்கநிலையில் ஆசிரியரே திரையில் இயக்கிக் காட்டுவது நல்லது. பெயர், அடையாள அட்டை எண் எதையும் உள்ளே தட்டக்கூடாது.

மதிப்பெண்ணுக்கு மூன்றும் வரவேண்டும்: கையெழுத்து ஐந்து வரி, கருவியுடன் நடந்த பேச்சு, கடைசிக் கட்டுரை. கூடவே, கருவி சொன்னதில் தள்ளிய இரண்டு, தள்ளியதற்குக் காரணம். ‘பிடிக்கவில்லை’ காரணம் ஆகாது. ‘தேக்காவில் மாட்டுவண்டி கிடையாது’ என்பது காரணம்.

அந்த வண்டியை வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அந்த வட்டாரத்தின் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். கதையை நூறாண்டு பின்னுக்கு நகர்த்தினால் வண்டி தாராளமாக நிற்கலாம். நகர்த்தியது மாணவர்தான் என்று அந்தப் பேச்சில் தெரிந்தால், அதற்கும் மதிப்பெண் போடலாம்.