தண்ணீர் குடித்த மிதவை

ஃபைபர் மிதவை, 14 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். நியாயமாக இரண்டு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம். நாங்கள் ஆறு பேர் பிடித்தும் அது தரையை விட்டு எழும்பவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டாடா 407 மினி லாரிக்காரர் நேரமாகிறது என்று அவசரப்படுத்த, கடப்பாரையும் உருளைக் கட்டையும் போட்டு ஒருவழியாக வண்டியில் ஏற்றிவிட்டோம்.

அதைப் பார்த்தது ராணிப்பேட்டை பக்கம் ஒரு காயலான் கடையில், போன சித்திரை மாதம். எங்கேயோ படகு சவாரிக்கு வைத்திருந்ததாம். இரண்டு பக்கமும் மிதவை, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் ஒரு காலத்தில் பலகை இருந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் உளுத்த சக்கை, அவ்வளவுதான். ஃபைபருக்குப் பழைய சாமான் கடையில் விலை கிடையாது, இரும்பு மாதிரி உருக்கி விற்க முடியாது. அதனால் கடைக்காரர் சட்டத்தை மட்டும் எடை போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, “மிதவையை எடுத்துனு போனா எனக்கு எடம் மிச்சம்” என்று சும்மாவே கொடுத்துவிட்டார்.

வாங்கியது அப்பாவுக்காக. எங்கள் ஊர் காவேரிப்பாக்கம் பக்கம். முன்பு வட ஆற்காடு, அப்புறம் வேலூர் மாவட்டம், 2019-லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். வாலாஜா அருகே பாலாற்றில் ஆங்கிலேயர் காலத்து அணைக்கட்டு ஒன்று இருக்கிறது, அங்கிருந்து பிரிகிற கால்வாய்கள்தான் இந்தப் பக்கத்து ஏரிகளுக்கு உயிர். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிதான். லாரி ட்யூபில் காற்றடித்து, நடுவில் கயிறு பின்னி, அதில் உட்கார்ந்து காலால் துழாவிக்கொண்டே ஏரி நடுவுக்குப் போய்விடுவார். உள்ளே கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். அந்த மரத்தடியில்தான் விரால் இருக்கும், அந்த மரத்து முள்தான் ட்யூபைக் குத்தும். ட்யூப் பஞ்சர் ஆகி நீந்தியே கரைக்கு வந்த கதையை என் பிள்ளைகளுக்கு அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

இப்போது அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து எல்லா ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனபோது, பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கரைக்கு அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். “முட்டி மட்டும் நல்லா இருந்தா...” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. அந்த அரை வாக்கியம் மூன்று வருஷத்துக்கு மேல் என் தலைக்குள் இருந்தது.

பரிசல் வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பரிசலில் குந்த வேண்டும், ஏறும்போது சாயும், துடுப்பு தெரியாதவர் கையில் சுற்றிச் சுற்றி வரும். இந்த இரட்டை மிதவைப் படகு வேறு மாதிரி. மிதப்பு இரண்டு ஓரத்திலும் தள்ளித் தள்ளி இருப்பதால், நடுவில் ஆள் எழுந்து நின்றாலும் லேசில் சாயாது. மேலே சமதளம், திண்ணை மாதிரி. நாற்காலி போடலாம். எனக்கு அந்த நாற்காலி ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இறக்கினோம். அப்பா கைத்தடியால் மிதவையைத் தட்டிப் பார்த்தார். முன்பக்கம் டங் டங் என்றது. நடுவில் தட்டினால் மூட்டை மாதிரி மொத்தென்று சத்தம். “இன்னாடா, உள்ள தண்ணி கீது” என்றார். அடியில் ஓர் ஓட்டை போட்டோம். டீ நிறத்தில், அழுகல் வாடையோடு தண்ணீர் வர ஆரம்பித்து, சாயங்காலம் வரை நிற்கவில்லை. என் பையன் ஒரு குடம் வைத்து எண்ணினான், பதினொன்றாவது குடத்தில் அவனுக்குச் சலித்துவிட்டது.

அதற்கப்புறமும் பாரம் குறையவில்லை. மேல்பக்கத்தைக் கட்டிங் மெஷினால் அறுத்துத் திறந்தோம். உள்ளே முழுக்க மஞ்சள் ஃபோம். மிதக்க வேண்டும் என்று போட்டது, பாலில் ஊறிய பன்னு மாதிரி நனைந்து கிடந்தது. கையால் அள்ளி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர். காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பலகையைப் பிடிக்கிற போல்ட்டுகளை நேராக மிதவையின் தலையிலேயே துளை போட்டு முடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஈரம் ஏறிக் கறுத்த வளையம். மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருக்கிறது, வெளியே வர வழியில்லை. அடியில் ஒரு கீறல்கூட இல்லை! ஏரித் தண்ணீர் அல்ல, மேலிருந்து வந்த தண்ணீர்தான் படகைக் கெடுத்திருக்கிறது. பழைய ஃபைபர் சாமான் எதை வாங்கினாலும் முதலில் தூக்கிப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், பெயிண்ட் எப்படி இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். வெளியே பூசி மினுக்கிவிட்டு இறக்கியிருந்தால், நாலு பேர் ஏறின அன்றே அது பாதிக்கு மேல் அமுங்கியிருக்கும்.

ஃபோமை எடுக்கவே மூன்று ஞாயிறு ஆனது. அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி தேங்காய் துருவுகிற மாதிரி ஓரங்களைச் சுரண்டிக் கொடுத்தார். அப்புறம் கத்திரி வெயிலில் திறந்தபடியே காயவிட்டோம். வேலூர்ப் பக்கத்து வெயிலைத் திட்டாதவர் இல்லை, அந்த ஒரு மாதம் மட்டும் எங்கள் வீட்டில் யாரும் திட்டவில்லை.

ஃபைபர் வேலைக்கு ஆள் தேடிக் கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் கெமிக்கல் டேங்குகளுக்கு ஃபைபர் லைனிங் போடுகிற மேஸ்திரி ஒருவர், தம்பிக்குத் தெரிந்தவர். ஆசிட் டேங்க் ஒழுகாமல் பார்க்கிறவருக்கு ஏரித்தண்ணீர் ஒரு பெரிய விஷயமா? இரண்டு நாள் வந்து கற்றுக்கொடுத்தார், மிச்சத்தை நாங்களே செய்தோம்.

அவர் முதலில் சொன்னது வேலையைப் பற்றி அல்ல, பயத்தைப் பற்றி. ரெசின் என்கிற திரவப் பிசின் இறுக வேண்டுமென்றால் அதில் கோபால்ட் ஒன்று, கேட்டலிஸ்ட் ஒன்று, இரண்டு சேர வேண்டும். ஆனால் அந்த இரண்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, பூசுவதற்குச் சற்று முன்னால் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் வீட்டின் இரண்டு கோடியில் வைக்கச் சொன்னார், அப்படியே வைத்தோம். கிலோ ரெசினுக்கு 20 மில்லி வரை கேட்டலிஸ்ட் விடுவார்களாம், எங்கள் வெயிலுக்கு 10 மில்லியே அதிகம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். ஒருநாள் பத்து மணி ஆகிவிட்டது, மக்கில் மிச்சமிருந்த ரெசின் புகைவிட்டுக் கல்லாக இறுகி, மக்கே வளைந்துவிட்டது.

உடைந்த இடத்தை அப்படியே ஒட்டினால் பிடிக்காது. சுற்றிலும் சரிவாகத் தேய்த்து எடுக்க வேண்டும், கால் அங்குலக் கனம் என்றால் மூன்று அங்குலம் தள்ளியாவது சரிவு ஆரம்பிக்க வேண்டும். 40 நம்பர் உப்புத்தாள், அப்புறம் அசிட்டோனில் துடைப்பு, அப்புறம் கண்ணாடி நார் மேட் ஒன்றன் மேல் ஒன்று. பிரஷ்ஷை இழுக்கக் கூடாது, இழுத்தால் மேட்டின் நார் கலைந்துவிடும், குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளை மேட் ரெசினைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அதைப் பார்க்க என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். உருளையால் காற்றை வெளியேற்றுகிற வேலை அவளுடையது. எங்களில் யார் உருட்டினாலும் குமிழி நிற்கும், அவள் உருட்டினால் நிற்காது.

ஒரு தப்பு நடந்தது, என்னால்தான். பழைய ஃபோமுக்குப் பதில் தெர்மோகோல் அடைத்துவிடலாம் என்று கட்டை கட்டையாக வாங்கி வந்து அடுக்கினேன். மேஸ்திரி அன்று வரவில்லை. மூடிக்கு விளிம்பு ஒட்டும்போது வழிந்த ரெசின் உள்ளே சொட்டியது. சொட்டிய இடத்தில் தெர்மோகோல் வெந்நீரில் போட்ட வெல்லம் மாதிரி உள்வாங்கிக் குழிந்து போனது. பதினொன்றாவது படிக்கிற பெண், “அப்பா, ரெசின்ல ஸ்டைரீன் இருக்கு, தெர்மோகோல் பாலிஸ்டைரீன், கரையாம என்ன செய்யும்?” என்றாள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொரு மிதவையிலும் குறுக்கே இரண்டு தடுப்பு வைத்து மூன்று அறைகளாகப் பிரித்தோம். ஓர் அறை ஒழுகினாலும் மற்ற ஐந்தும் தாங்கும். அறைக்குள் மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன்கள். மெஸ் நடத்துகிற சித்தி மட்டும் நாற்பது கேன் கொடுத்தார். ஒவ்வோர் அறைக்கும் ஆறு அங்குலத் திருகு மூடி, கை விட்டுப் பார்ப்பதற்கு.

போல்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. மிதவையின் தலையில் ஒரு துளைகூடக் கிடையாது. பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கெட்டியாக ஒரு விளிம்பு போட்டு, சட்டத்தை அதில்தான் முடுக்கினோம்.

பாரக் கணக்கைப் பையன் போட்டான். ஏழாம் வகுப்பு. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ சொச்சம். முனைகள் ஒடுங்குவதைக் கழித்தால் ஒரு மிதவை முழுக்க முங்கும்போது ஏறக்குறைய 600 கிலோ தாங்கும், இரண்டும் சேர்ந்து 1,200. பாதிக்கு மேல் முங்கவே கூடாது என்று வைத்துக்கொண்டால் 600. படகின் சொந்த எடை 360 வந்தது. மிச்சம் 240, அப்படியென்றால் நாலு பேர். “நான் 38 கிலோதான், என்னை அரை ஆளாப் போடுங்க” என்றான். போடவில்லை.

மேல்தளத்துக்கு 710 பிளைவுட். மரக்கடையில் கேட்டால் 303-ஐத் தள்ளப் பார்ப்பார்கள், விலை குறைவு, அது வீட்டு அலமாரிக்குச் சரி. 710 என்பது 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனையில் தாக்குப்பிடிக்க வேண்டிய ரகம், பலகையிலேயே முத்திரை இருக்கும். அதுவும்கூட அறுத்த ஓரத்தில் தண்ணீர் குடிக்கும், அதனால் ஓரம், துளை எல்லாவற்றிலும் ரெசின் இரண்டு பூச்சு.

சைக்கிள் ட்யூப் வால்வை ஒரு மூடியில் பொருத்தி, அறை அறையாக நாலைந்து அடி மட்டும் பம்ப் அடித்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். அதிகம் அடித்தால் தட்டையான பக்கம் உப்பிவிடும். நாலாவது அறையில், விளிம்பு ஒட்டின மூலையில், கடுகு அளவுக் குமிழி ஒன்று வந்து வந்து உடைந்தது. கண்டுபிடித்தது அப்பா. கண்ணாடி போடாமல்.

ஏரியில் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, குத்தகைக்கு விட்டிருக்கிறது, அதனால் குத்தகைக்காரரிடம் முதலிலேயே போய்ப் பேசினோம். தூண்டில் மட்டும், வலை கூடாது, குஞ்சு மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்றார். நியாயம்தானே? மோட்டார் கிடையாது, இரண்டு துடுப்புதான். நங்கூரத்துக்கு 4 லிட்டர் பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி வளையம் பதித்தது இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தட்டையான படகைக் காற்று தள்ளிக்கொண்டே போகும், ஒரு நங்கூரம் போதாது. (அம்மாவின் அம்மிக் குழவியைத்தான் தம்பி முதலில் கேட்டான். அம்மா அதை எடுத்து உள் அறையில் வைத்துவிட்டாள்.)

காணும் பொங்கலன்று டிராக்டரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு போனோம். லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன், எனக்கு நீச்சல் தெரியாதா என்று அப்பா அடம்பிடித்தார். பேத்தி ஒரு வார்த்தை பேசாமல் அவர் கையைத் தூக்கி மாட்டிவிட்டாள். சாய்வுப் பலகையில் நானும் தம்பியும் இரண்டு பக்கம் பிடிக்க, ஏறி, நாற்காலியில் உட்கார்ந்தார். மிதவை அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தண்ணீர் கோடு பாதிக்குக் கீழேதான் நின்றது.

கருவேல மரத்துக்கு இருபது அடி தள்ளி நிறுத்தச் சொன்னார். வறுத்த கடலைப்பிண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டைகளை நாலு பக்கமும் வீசிவிட்டு அரை மணி நேரம் தூண்டிலே போடவிடவில்லை. அப்புறம் ஜிலேபி மீன் ஏழு, முக்கால் கிலோவுக்கு ஒரு ரோகு. விரால் ஒன்று தவளை இரையைக் கவ்வி, மரத்தடி வேருக்குள் தூண்டில் நரம்பைச் சுற்றி, அறுத்துக்கொண்டு போய்விட்டது. அப்பா அறுந்த நரம்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

கரைக்கு வந்ததும் வேறு யாரும் இறங்குவதற்கு முன்னாலேயே பெண் ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திருகிக் கையை உள்ளே விட்டாள். நாலாவது அறையில் மட்டும் தோள் வரை விட்டு, மூலை மூலையாகத் தடவினாள். கையை வெளியே எடுத்துத் தாத்தாவிடம் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை நிறைய வெள்ளைத் தூசி.

“பாப்பா, அது ஃபைபர் தூசி, அரிக்கும்,” என்றார் அப்பா, “போய்க் கையக் கழுவு.”